பெனால்டி லாட்டரி அல்ல: 11 மீட்டரில் நடப்பது என்ன?

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி வட்டாரத்துக் கோடைக்காலக் கால்பந்துப் போட்டிகளில் ஆட்டம் சமனில் முடிந்தால் பெரும்பாலும் நேராக டை-பிரேக்கர்தான்: இரண்டு அணிகளும் மாறி மாறி ஆளுக்கு ஐந்து பெனால்டி அடித்து வெற்றியை முடிவுசெய்வது. கூடுதல் நேரம் ஆட வெளிச்சம் இருக்காது. அடுத்த ஆட்டத்துக்கான அணிகள் கோட்டுக்கு வெளியே ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு காத்திருக்கும். அந்த நேரத்தில் அணியின் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் தம்பிகளைக் கூட்டி வைத்துச் சொல்வது வழக்கம்: "இனி நம் கையில் ஒன்றுமில்லை. இது லாட்டரி." ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார். ஆனாலும் அது கெடுதல் செய்யும் ஆறுதல் என்பது என் உறுதியான எண்ணம். தன் கையில் ஒன்றுமில்லை என்று நம்பிவிட்ட பையன், பந்தைத் தரையில் வைக்கும்போதே பாதியை விட்டுக்கொடுத்துவிடுகிறான். பெனால்டியில் அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டுதான். ஆனால் தூரம், நேரம், திசை, மனம், தரை என்று நாம் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியவை அதைவிட அதிகம். கால்பந்தை இப்போதுதான் கவனிக்கத் தொடங்கியவர்களுக்கும் புரியும்படி அவற்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் விதி

கோலுக்கு முன்னால் சுண்ணாம்பால் போட்ட பெரிய செவ்வகம்தான் பெனால்டிப் பகுதி. அதற்குள் தற்காப்பு அணி நேரடி ஃப்ரீ கிக் (எதிரணி நேராகக் கோலுக்கே அடிக்கக்கூடிய உதை) தரத்தக்க தவறு ஒன்றைச் செய்தால் எதிரணிக்குப் பெனால்டி கிடைக்கும். காலைத் தட்டிவிடுவது, சட்டையைப் பிடித்து இழுப்பது, பந்தைக் கையால் தடுப்பது எல்லாம் இதில் அடங்கும். கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தூரத்தில் பந்து வைக்கப்படும். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். உதைப்பவரும் கோல்கீப்பரும் தவிர மற்ற அனைவரும் பெனால்டிப் பகுதிக்கு வெளியே, பந்திலிருந்து குறைந்தது 9.15 மீட்டர் தள்ளி, பந்துக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

இந்த விதி 1891-ல் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்தின் அர்மா மாவட்டத்தில் உள்ள மில்ஃபோர்டு என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் என்பவர்தான் இதை முன்மொழிந்தார். அவரே ஒரு கோல்கீப்பர் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தம் இனத்துக்கே இவ்வளவு கடினமான வேலையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆட்டத்தின் நடுவே கிடைக்கும் பெனால்டிக்கும் டை-பிரேக்கருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆட்டத்தின் நடுவே கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தை உதைத்தவரே ஓடிப்போய் மறுபடி அடிக்கலாம். டை-பிரேக்கரில் அந்த வாய்ப்பு கிடையாது, ஓர் உதையோடு சரி. தொழில்முறை லீக் ஆட்டங்களில் 100 பெனால்டிகளில் 75 முதல் 80 வரை கோலாகின்றன. உலகக் கோப்பை டை-பிரேக்கர்களில் இது ஏறக்குறைய 70-க்கு இறங்கிவிடுகிறது. அதே 11 மீட்டர், அதே கோல், உதைப்பவர்களும் உலகத்தரம் வாய்ந்தவர்கள். பிறகு ஏன் இந்த இறக்கம்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை நொடிக்கும் குறைவு

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். 11 மீட்டரைத் தாண்ட அதற்கு 0.4 நொடி போதும். கண் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, தசைக்கு உத்தரவு போக மட்டுமே 0.2 நொடி ஆகிவிடும். மிச்சமிருக்கும் 0.2 நொடியில் நடுவில் நிற்கும் மனிதர் 3.66 மீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்தை எட்டவேண்டும். அது மனித உடலால் ஆகாத காரியம்.

ஆகவே, பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகு முடிவெடுக்கும் கோல்கீப்பர், மூலைக்குப் போகும் வேகமான உதையைத் தடுக்கவே முடியாது. அவர் உதைக்குச் சற்று முன்பே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பாய்ந்தாக வேண்டும். பெனால்டியைப் பற்றிய மற்ற எல்லாமே இந்தக் கட்டாயத்திலிருந்துதான் பிறக்கின்றன.

முன்கூட்டியே பாய்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறார் என்று பொருளில்லை. தேர்ந்த கோல்கீப்பர் பந்தைப் பார்ப்பதில்லை, உதைப்பவரின் உடலைப் படிக்கிறார். முக்கியமாக, பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் கால். அதன் விரல்நுனி எந்தத் திசையைக் காட்டுகிறதோ, பெரும்பாலும் பந்தும் அந்தத் திசைக்கே போகும். அடுத்தது இடுப்பு. வலது காலால் அடிப்பவர் தம் வலப்பக்கம் அடிக்க வேண்டுமானால் இடுப்பைத் திறந்து, காலின் உட்புறத்தால் பந்தைத் தள்ளவேண்டும். தம் இடப்பக்கம் அடிக்க இடுப்பு மூடிச் சுழலும். சிக்கல் என்னவென்றால், நம்பத்தக்க குறிப்புகள் எல்லாம் உதையின் கடைசிக் கணத்தில்தான் தெரியும். முன்னால் தெரிபவற்றை, ஓடிவரும் கோணத்தையும் கண் போகும் திசையையும், உதைப்பவர் வேண்டுமென்றே மாற்றிக் காட்டலாம். காத்திருந்தால் தகவல் கிடைக்கும், நேரம் போய்விடும். சீக்கிரம் பாய்ந்தால் நேரம் கிடைக்கும், தகவல் இருக்காது. கோல்கீப்பரின் திறமை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில்தான்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோலின் மேல் மூன்றில் ஒரு பகுதிக்குள், அதாவது தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டருக்கு மேலே சரியாகப் போய்ச் சேரும் பந்தைக் கோல்கீப்பர்கள் தடுப்பது மிக அரிது. அப்படியானால் எல்லாரும் மேலேயே அடிக்கலாமே? குறி சற்றே உயர்ந்தாலும் பந்து குறுக்குக் கம்பத்தைத் தாண்டிப் பறந்துவிடும். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியின் ஊலி ஹோனெஸ் அடித்தது அப்படிப் போனது. 1994 உலகக் கோப்பை இறுதியில் இத்தாலியின் ராபர்டோ பாஜியோ அடித்ததும் அப்படியே. கீழே மூலைக்கு அடித்தால் கோல்கீப்பரின் கை எட்டும் ஆபத்து, மேலே அடித்தால் கம்பத்தைத் தாண்டும் ஆபத்து. எந்த ஆபத்தை ஏற்பது என்பது அவரவர் காலின் துல்லியத்தைப் பொறுத்தது. மேலே அடிப்பதைப் பயிற்சியில் வழக்கமாக்கிக்கொள்ளாதவர் ஆட்டத்தில் முதல்முறையாக முயலவே கூடாது.

எந்தப் பக்கம்?

வலது காலால் அடிப்பவருக்குத் தம் இடப்பக்கம் அடிப்பது எளிது. உடம்பின் குறுக்கே கால் வீசும்போது வேகமும் குறியும் இயல்பாகவே கூடிவரும். இதை இயல்பான பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இடது காலர்களுக்கு இது தலைகீழ். எளிதான பக்கம் ஒன்று இருக்கும்போது எப்போதும் அங்கேயே அடித்தால் என்ன என்று தோன்றும். எப்போதும் அங்கேயே அடிக்கிறார் என்று தெரிந்துவிட்டால் கோல்கீப்பரும் எப்போதும் அங்கேயே பாய்வாரே!

ஸ்பெயினைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் இக்னாசியோ பலாசியோஸ்-உவெர்த்தா 1,417 பெனால்டிகளை ஆராய்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள நான்கு எண்களைத் தெரிந்துகொண்டால் பெனால்டியின் உள்கட்டு முழுதும் விளங்கிவிடும். உதைப்பவர் தம் இயல்பான பக்கம் அடித்து, கோல்கீப்பரும் அதே பக்கம் பாய்ந்தால் கோலாவது ஏறத்தாழ 70%. இயல்பல்லாத பக்கம் அடித்து, கோல்கீப்பரும் அங்கேயே பாய்ந்தால் 58%. கோல்கீப்பர் ஏமாந்து எதிர்ப்பக்கம் பாய்ந்துவிட்டால், இயல்பான பக்கத்து உதைக்கு 93%, மற்றதற்கு 95%. இந்தக் கடைசி இரண்டும் 100 ஆகாததற்குக் காரணம், ஆளில்லாத பக்கத்தில்கூடச் சிலர் வெளியே அடித்துவிடுவதுதான்.

இப்போது கோல்கீப்பர் 100 முறையில் 58 முறை இயல்பான பக்கமும் 42 முறை மறுபக்கமும் பாய்கிறார் என்று வையுங்கள். உதைப்பவர் இயல்பான பக்கமே அடித்தால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும்? 58 முறை 70% வீதம், 42 முறை 93% வீதம். கூட்டினால் ஏறத்தாழ 80%. மறுபக்கமே அடித்தால்? 42 முறை 58% வீதம், 58 முறை 95% வீதம். அதுவும் ஏறத்தாழ 80%! எந்தப் பக்கம் அடித்தாலும் பலன் ஒன்றே. கோல்கீப்பர் தம் பாய்ச்சலை இந்த விகிதத்தில் கலந்துவிட்டால் உதைப்பவருக்கு எந்தப் பக்கமும் லாபமில்லை. அதே கணக்கில் உதைப்பவர் 100-க்கு 39 முறை இயல்பல்லாத பக்கம் அடிக்க வேண்டும் என்று வருகிறது. உண்மையில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எவ்வளவு அடித்திருந்தார்கள் தெரியுமா? 40. கோல்கீப்பர்கள் அந்தப் பக்கம் பாய்ந்தது 42.

யாரும் இவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆட்ட அனுபவமே கணிதத்தின் விடைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதோடு, இடம், வலம், இடம், வலம் என்று வாய்ப்பாடாக மாற்றி அடிக்காமல், முந்தைய உதைக்கும் அடுத்த உதைக்கும் தொடர்பே இல்லாதபடி கலந்திருந்தார்கள். இது சொல்வதைவிடச் செய்வது கடினம். போன தடவை இடப்பக்கம் அடித்தோம், எனவே இந்தத் தடவை வலம் என்று மனம் தானாகவே தாவும். எதிரில் நிற்பவர் கூர்மையானவராக இருந்தால் அந்தத் தாவலைப் பிடித்துவிடுவார்.

அப்படிப் பிடிப்பதற்காகவே குறிப்பெடுத்து வைப்பது உண்டு. 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில், பெர்லினில், ஜெர்மனியின் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் காலுறைக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து ஒவ்வோர் உதைக்கும் முன் படித்தார். அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் வழக்கமாக எங்கே அடிப்பார்கள் என்ற விவரம் அதில் இருந்தது. அயாலா, காம்பியாசோ இருவரின் உதைகளையும் அவர் தடுக்க, ஜெர்மனி 4–2 என்று வென்றது. காகிதம் எவ்வளவு உதவியது என்பது ஒருபுறம் இருக்கட்டும். எதிரணிக் கோல்கீப்பர் தன்னைப் பற்றி எதையோ வாசித்துக்கொண்டிருப்பதை நின்று பார்க்கும் ஆட்டக்காரரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

நடுவில் அடித்தால்?

இதுவரை இரண்டு பக்கங்களை மட்டும் பேசினோம். மூன்றாவது வழி, நேர் நடுவே. 1976-ல் பெல்கிரேடில் நடந்த அதே ஐரோப்பிய இறுதியில், ஹோனெஸ் தவறவிட்ட பிறகு, செக்கோஸ்லோவாக்கியாவின் அன்டோனின் பனென்கா வேகமாக ஓடிவந்து பந்தின் அடியை மெல்லத் தொட்டு நடுவில் மிதக்கவிட்டார். கோல்கீப்பர் செப் மேயர் இடப்பக்கம் பாய்ந்து கிடக்க, பந்து நிதானமாகக் கோலுக்குள் இறங்கியது. கோப்பையும் கிடைத்தது. அவர் பெயரே அந்த உதைக்கு நிலைத்துவிட்டது.

மைக்கேல் பார்-எலி முதலிய இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. அவற்றில் 28.7% உதைகள் கோலின் நடுப்பகுதிக்கு வந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவிலேயே நின்றது 6.3% மட்டுமே. நின்றபோது மூன்றில் ஒரு உதையைத் தடுத்தார்கள். இடம் பாய்ந்தபோது 14.2%, வலம் பாய்ந்தபோது 12.6%. நின்ற சந்தர்ப்பங்கள் 18 மட்டும்தான் என்பதால் அந்த மூன்றில் ஒன்றைக் கல்லில் பொறித்த உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாக் கோல்கீப்பர்களும் நிற்கத் தொடங்கினால் உதைப்பவர்களும் நடுவில் அடிப்பதை விட்டுவிடுவார்கள். ஆனாலும் நிற்க வேண்டிய அளவுக்கு அவர்கள் நிற்கவில்லை என்பது தெளிவு.

ஏன் நிற்பதில்லை? பாய்ந்து கோல் வாங்கினால், "பாவம், முயன்றார்" என்பார்கள். நின்ற இடத்திலேயே நின்று பந்து மூலையில் போய்விட்டால், "மரம்போல் நின்றுவிட்டான்" என்று கோட்டுக்கு வெளியே இருக்கும் எல்லாரும் சொல்வார்கள். விளைவு ஒன்றே, கோல்தான். ஆனால் ஒன்றும் செய்யாமல் தோற்றது என்ற பழியை மனிதர்கள் தாங்குவதில்லை. ஆய்வாளர்கள் இதைச் செயல் சார்பு என்கிறார்கள்.

மனம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். லீக் ஆட்டத்தில் 80-ஐ நெருங்கும் விழுக்காடு, உலகக் கோப்பை டை-பிரேக்கரில் ஏன் 70-க்கு வருகிறது? இரண்டு மணி நேர ஆட்டத்தின் களைப்பு ஒரு காரணம். வழக்கமாகப் பெனால்டி அடிக்காதவர்களும் வரிசையில் நிற்க வேண்டியிருப்பது இன்னொன்று. லீக்கில் அணிக்கு ஒருவர், இருவர்தான் அடிப்பார்கள். டை-பிரேக்கரில் ஐந்து பேர் வேண்டும். தடுப்பாட்டக்காரர்களைவிட முன்வரிசை ஆட்டக்காரர்களின் வெற்றி வீதம் அதிகம் என்பதும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மனம் என்பதற்கு நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் தந்திருக்கும் சான்று அசைக்க முடியாதது.

பெரிய போட்டிகளின் டை-பிரேக்கர் உதைகளை அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். கோல் போட்டால் அந்தக் கணமே அணி வெல்லும் என்ற நிலையில் அடித்த உதைகள் ஒரு வகை. தவறவிட்டால் அந்தக் கணமே அணி தோற்கும் என்ற நிலையில் அடித்தவை இன்னொரு வகை. இரண்டிலும் அழுத்தம் உச்சத்தில்தான். ஆனால் முதல் வகையில் 90%-க்கும் மேல் கோலாகின. இரண்டாம் வகையில் ஏறத்தாழ 60%. பந்தும் தூரமும் மாறவில்லை. மனத்தின் முன் நிற்கும் படம் மட்டும் மாறிவிட்டது. வெற்றியைப் பார்த்துக்கொண்டு ஓடுபவரின் காலும் தோல்வியைப் பார்த்துக்கொண்டு ஓடுபவரின் காலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

1994-ல் பாஜியோ நின்றது இரண்டாம் வகையில். பிரேசில் 3–2 என்று முன்னிலை. அவர் தவறவிட்டால் இத்தாலிக்குக் கதை முடிந்தது. 2021 ஐரோப்பிய இறுதியில் இங்கிலாந்தின் 19 வயது புகாயோ சாகாவும் அதே இடத்தில்தான் நிறுத்தப்பட்டார். அந்த வயதுப் பையனைக் கடைசி உதைக்கு வைத்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவின் கொன்சாலோ மொன்டியேலுக்குக் கிடைத்தது முதல் வகை. போட்டால் உலகக் கோப்பை, போட்டார்.

இதே மனத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் உருகுவேக்கு எதிராக, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில், கானாவின் அசமோவா ஜியான் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டது. அது கோலாகியிருந்தால் அரையிறுதிக்குச் செல்லும் முதல் ஆப்பிரிக்க அணி கானாவாக இருந்திருக்கும். சில நிமிடங்களில் டை-பிரேக்கர் தொடங்கியது. கானாவுக்காக முதல் உதையை அடிக்க நடந்து வந்தவர் அதே ஜியான். அடித்தார், கோல். கானா தோற்றது வேறு விஷயம். என் கண்ணில் பெனால்டி வரலாற்றிலேயே துணிச்சலான நடை அதுதான்.

பதற்றம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். கண்ணின் அசைவைப் பதிவுசெய்யும் கருவியை மாட்டிவிட்டுப் பார்த்தபோது, பதற்றத்தில் உள்ளவர்கள் கோல்கீப்பரைச் சீக்கிரமாகவும் நீண்ட நேரமும் பார்த்தார்கள். கண் எங்கே போகிறதோ அங்கே கால் போகும். அவர்கள் அடித்த பந்துகள் நடுப்பக்கம், கோல்கீப்பரின் கை எட்டும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. கோல்கீப்பர்கள் கோட்டில் கையை விரித்து ஆடுவதும் குதிப்பதும் இதற்காகத்தான்: "என்னைப் பார்" என்று இழுக்கிறார்கள்.

விசிலுக்குப் பிறகு எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதும் முக்கியம். நடுவர் விசில் ஊதியதும் தொடங்கிவிட வேண்டும் என்று விதி சொல்லவில்லை. விசில் என்பது அனுமதி மட்டுமே. ஆனால் பதறுபவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுத் தப்பினால் போதும் என்று உடனே ஓடுகிறார்கள். அப்படி அவசரப்பட்டவர்களைவிட ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தொடங்கியவர்கள் அதிகம் கோல் போட்டதை யோர்டெட்டின் பதிவுகள் காட்டுகின்றன. இங்கிலாந்து 1990, 1998, 2006 என்று மூன்று உலகக் கோப்பை டை-பிரேக்கர்களிலும் தோற்ற அணி. 1996 ஐரோப்பிய அரையிறுதியில் தாமே பெனால்டியைத் தவறவிட்ட கேரத் சவுத்கேட் பயிற்சியாளரான பிறகு, டை-பிரேக்கரைத் தனிப் பாடமாகவே எடுத்தார். யார் எந்த வரிசையில், எப்படி நடந்துபோவது, விசிலுக்குப் பிறகு அவசரப்படாதிருப்பது வரை பயிற்சி நடந்தது. 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவை டை-பிரேக்கரில் 4–3 என்று வென்றார்கள். லாட்டரிக்கு யாரும் பயிற்சி எடுத்து ஜெயிப்பதில்லை.

கோல்கீப்பர் பக்கத்து மனப்போர் வேறு. 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் லூயி வான் கால், கோஸ்டாரிகாவுக்கு எதிரான காலிறுதி முடியும் நேரத்தில், 120 நிமிடமும் நன்றாக விளையாடிய கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு டிம் குருலை இறக்கினார். இவர் பெனால்டிக்கென்றே வந்தவர் என்ற எண்ணமே எதிரணிக்குச் சுமையாகியிருக்கும். குருல் ஐந்து உதைகளுக்கும் சரியான பக்கம் பாய்ந்து இரண்டைத் தடுத்தார். 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ், பிரான்ஸின் சுவாமெனி வரும்போது பந்தைத் தூர எறிந்துவிட்டார். சுவாமெனி போய் எடுத்து வந்து அடித்தது வெளியே போனது. கோல்கீப்பர் நேரத்தை இழுத்தோ கம்பத்தையும் வலையையும் தொட்டோ உதைப்பவரை நியாயமின்றித் திசைதிருப்பக் கூடாது என்று அடுத்த ஆண்டே விதியில் எழுதிவிட்டார்கள். உதை விழும் கணத்தில் அவருடைய ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, கோட்டுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும் என்பது 2019-ல் வந்து 2022-ல் திருத்தப்பட்ட விதி.

கோல்கீப்பரைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்து, அவர் அசைந்ததும் எதிர்ப்பக்கம் அடிப்பவர்களும் உண்டு. இத்தாலியின் ஜோர்ஜினியோ ஒரு சிறு துள்ளல் போட்டு அப்படித்தான் அடிப்பார். 2021 ஐரோப்பிய அரையிறுதியில் ஸ்பெயினை வீழ்த்திய கடைசி உதை அது. ஐந்தே நாளில் இறுதியில் அதே துள்ளலோடு வந்தபோது இங்கிலாந்தின் பிக்ஃபோர்டு அசையாமல் காத்திருந்து தடுத்துவிட்டார். ஓட்டத்தின் நடுவே தயங்கிக் காட்டுவது விதிப்படி சரிதான். ஓட்டம் முடிந்து காலை ஓங்கிய பிறகு ஏமாற்றுவது குற்றம். புதிதாகக் கற்பவர்களுக்கு என் பரிந்துரை, பக்கத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கோல்கீப்பர் என்ன செய்தாலும் மாற்றாமல் அடிப்பதுதான். கடைசி நொடியில் மனம் மாறினால் குறி கெடும்.

நாணயச் சுழற்சியில் வென்று முதலில் அடிப்பது நல்லதா? 129 டை-பிரேக்கர்களை வைத்து 2010-ல் வெளிவந்த ஆய்வு, முதலில் அடித்த அணி 60%-க்குச் சற்று மேல் வென்றதாகச் சொன்னது. 540 டை-பிரேக்கர்களை எடுத்த அடுத்த ஆய்வில் அந்த அனுகூலம் 53%-ஆகச் சுருங்கிவிட்டது. முதலில் அடிக்கக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள்.

நம் செம்மண் தரையில்

நம் பக்கம் பெனால்டிப் புள்ளியை டேப் பிடித்து அளக்கும் மைதானங்கள் குறைவு. நடுவரோ மூத்தவர் யாரோ கோல் கோட்டிலிருந்து பதினோரு எட்டு வைத்துக் குதிகாலால் ஒரு குழி போடுவார். சாதாரணமாக நடக்கும் ஓர் எட்டு முக்கால் மீட்டர் என்று வைத்தால், பதினோரு எட்டு 8 மீட்டர் சொச்சம்தான். மூன்று மீட்டர் போய்விட்டது! அந்தத் தூரத்திலிருந்து அடித்துப் பழகியவர், சென்னையிலோ பெங்களூருவிலோ அளந்து போட்ட மைதானத்தில் நிற்கும்போது கோல் சுருங்கிவிட்டதுபோல் தடுமாறுகிறார். கோல்கீப்பருக்கும் உண்மையான தூரத்தின் நேரம் உடம்பில் பதிவதில்லை. ஒரு டேப்பும் இரண்டு நிமிடமும் இருந்தால் தீரும் குறை இது. பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள் தயவுசெய்து அளந்து குறியுங்கள்.

அடுத்தது தரை. குதிகாலால் போட்ட அந்தக் குழியில் பந்து அமிழ்ந்து உட்காரும். அதைச் சுற்றிச் சரளைக் கல் உதிர்ந்து கிடக்கும். ஊன்றும் கால் இரண்டு அங்குலம் வழுக்கினால் போதும், பந்து போகும் திசையே மாறிவிடும். 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதியில், மாஸ்கோவில், மழையில் நனைந்த புல்லில், செல்சி அணித் தலைவர் ஜான் டெரிக்கு நேர்ந்தது அதுதான். போட்டால் கோப்பை என்ற உதையில் ஊன்றிய கால் வழுக்கிப் பந்து கம்பத்தில் பட்டது. ஆகவே பந்தை வைத்ததும் ஊன்றும் கால் வரும் இடத்தைக் கையால் தடவிக் கல்லைத் தள்ளிவிட்டு, காலை ஒருமுறை வைத்து அழுத்திப் பாருங்கள். அவகாசம் உண்டு, நடுவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

வழுக்கும்போது இரண்டு காலும் பந்தில் பட்டுவிடுவதும் உண்டு. 2025 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான டை-பிரேக்கரில் அட்லெட்டிகோ மாட்ரிட்டின் ஜூலியன் அல்வாரெஸுக்கு அப்படி நேர்ந்து, அவர் போட்ட கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த விளக்கப்படி, தற்செயலாக இரண்டு முறை பட்டு கோலானால் மறுபடி அடிக்கலாம். உள்ளூர் நடுவர்கள் பலருக்கு இது இன்னும் எட்டவில்லை. ஆட்டக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மேலே சொன்ன செயல் சார்பும் நம் தரையில் தலைகீழாகிவிடுகிறது. புல்தரையில் கோல்கீப்பர்கள் தேவைக்கு மேல் பாய்கிறார்கள். முழங்கையும் இடுப்பும் தோலுரியும் சரளையில் பையன்கள் பாயத் தயங்குகிறார்கள். கால் நீட்டிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் நின்றுவிடுவார்கள். அதனால் பெல்கிரேடில் பனென்கா செய்ததை இங்கே செய்தால் பந்து நேராகக் கோல்கீப்பரின் மார்பில் போய் உட்காரும். நம் மைதானங்களில் தரையோடு மூலைக்குப் போகும் நிதானமான உதைக்கே மதிப்பு அதிகம். கோல்கீப்பர் பக்கம் நின்று சொல்வதானால், கோல் கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் கொஞ்சம் மணல் பரப்பிக் கொடுத்தாலே அந்தப் பையன் பாயத் தொடங்குவான்.

கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கம். 2023 தெற்காசியக் கோப்பையில் இந்தியா அங்கே ஒரே வாரத்துக்குள் இரண்டு டை-பிரேக்கர்களை வென்றது: அரையிறுதியில் லெபனானை 4–2 என்றும், ஜூலை 4 அன்று இறுதியில் குவைத்தை 5–4 என்றும். குவைத்தின் கடைசி உதையை இந்தியக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். நம் பிள்ளைகள் பார்த்துக் கற்க ஐரோப்பா வரை போகவேண்டியதில்லை.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். ஆட்டம் தொடங்கும் முன், உடம்பு புத்துணர்ச்சியோடு இருக்கும்போது, வரிசையில் நின்று ஆளுக்குப் பத்துப் பந்து அடிப்பதால் பயன் குறைவு. ஆட்டத்தில் கிடைப்பது ஒன்றே ஒன்று, அதுவும் களைத்த பிறகு. எனவே பயிற்சியின் கடைசியில், ஓடி முடித்த காலோடு, எல்லாரும் நடுக்கோட்டில் நிற்க, ஒவ்வொருவராக அங்கிருந்து நடந்து வந்து ஓர் உதை மட்டும் அடிக்கட்டும். அடிக்கும் முன் எந்தப் பக்கம் என்பதைப் பயிற்சியாளரின் காதில் சொல்லிவிட்டு வரவேண்டும். பக்கத்தை மாற்றினால், கோலானாலும் அது கணக்கில் சேராது. பக்கம், உயரம், கோல்கீப்பர் பாய்ந்த திசை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு பருவம் முடிவதற்குள் யாருக்கு எந்தப் பக்கம் பழக்கமாகிவிட்டது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த நோட்டு பயிற்சியாளரின் பையிலேயே இருக்கட்டும். அடுத்த அணியின் கோல்கீப்பர் கையில் அது கிடைத்தால் லேமனின் காகிதம்தான்.